ஜெர்கினோடு இறங்கி வந்த புள்ளி

மாமாவின் படத்தில் இன்னொருவருடைய கை இருக்கிறது. கவனித்தீர்களா? இடது தோளில், மஞ்சள் கையுறை போட்ட ஒரு கை. உச்சியில், காசு கட்டி மலையேற வந்த ஏதோ ஒரு மெம்பரோடு நின்று எடுத்த படம் அது. மெம்பரை வெட்டி எடுத்துவிட்டு மாமாவை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார்கள். கை மட்டும் வெட்டுப்படாமல் தங்கிவிட்டது. காலையிலிருந்து மாலை போட்டவர்கள் எல்லாரும் அந்தக் கையின் மேலும் சேர்த்துத்தான் போட்டார்கள்.

மேடையில் இருக்கும் மலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆங் நிமா ஷெர்பா அவர்களே! கம்பெனி முதலாளி திலக் கார்க்கி அவர்களே! எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டிகளே, சுமை தூக்கும் அண்ணன்மார்களே, சமையல் கூடாரத்து நண்பர்களே, அழுது அழுது தொண்டை கட்டிப்போன என் அத்தையே! உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஜஸ்மாயா. மறைந்த தலைமை வழிகாட்டி ஹர்கமான் ராய் அவர்களின் அக்காள் மகள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மாமாதான் என்னை அடிவார முகாமின் சமையல் கூடாரத்தில் சேர்த்துவிட்டார். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்கச் சொல்லி என்னை மேடை ஏற்றினார்கள். இரண்டு வார்த்தைதான் சொல்வதாக இருந்தேன். முதலாளி பேசிய பிறகு அது போதவில்லை.

முதலாளி என்ன சொன்னார்? "ஹர்கமானிடம் இடங்காட்டிக் கருவி இருந்தது. இருந்தும் என்ன பயன்? மலை கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். தலைவர் என்ன சொன்னார்? ஒவ்வொரு தொழிலாளிக்கும் கருவி கொடுத்தால்தான் இனி மலையேறுவோம் என்று சங்கம் கேட்பதா வேண்டாமா என்பதை, இந்தக் கூட்டம் முடிந்த பிறகு உள்ளே உட்கார்ந்து முடிவு செய்யப்போவதாகச் சொன்னார். முடிவெடுக்கப் போகிறவர்களின் காதில் விழட்டும் என்றுதான் முதலாளி அப்படிப் பேசினார். இருந்தது, இருந்தும் பயனில்லை, ஆகவே வேண்டாம்! எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள்!

நான் சொல்கிறேன். என் மாமா சாகும்போது அவரிடம் கருவி இல்லை. இல்லை. இல்லவே இல்லை!

அதைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். புதிதாக வந்தவர்களுக்காக அதையும் சொல்கிறேன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சுமை தூக்கப் போன புர்பா என்ற பையன் முதல் முகாமுக்குக் கீழே பனிப்புயலில் வழி தவறினான். எங்கே தேடுவது? மலை முழுக்கத் தேடினார்கள். மாமா குரல் போகும்வரை கூப்பிட்டார். பையன் இன்றுவரை கிடைக்கவில்லை. அவன் அம்மா இங்கே வந்திருக்கிறார். இன்றும் மலையிலிருந்து யார் இறங்கினாலும் "நீலத் தொப்பி எதாவது கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்கிறாரே, அந்த அம்மாதான்.

அந்த வருஷம் மாமா நம் சமையற்காரர் சங்பீர் தாமாங் அண்ணனைக் கூட்டிக்கொண்டு காட்மாண்டுவுக்குப் போய், கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அங்கே நடந்ததைச் சங்பீர் அண்ணன் எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்குச் சலிக்காது.

"எல்லாருக்கும் ஒண்ணுன்னா நான் கம்பெனிய மூடிட்டு ஆடு மேய்க்கத்தான் போகணும், ஹர்கமான்" என்றாராம் முதலாளி.

"போலாம் சார், நானும் கூட வர்றேன். ஆட்டுக்காவது கழுத்துல மணி கட்டித்தான் விடுறோம்" என்றாராம் மாமா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மாமா இருந்திருந்தால் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார்.

கடைசியில் மெம்பர்களுக்கும் தலைமை வழிகாட்டிகளுக்கும் மட்டும் கருவி வந்தது. சுமை தூக்குகிறவர்களுக்கு இல்லை, சமையற்காரர்களுக்கு இல்லை. வந்ததையும் கையில் கொடுக்கவில்லை. கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவோமாம். இல்லையென்றால் விற்றுத் தின்றுவிடுவோமாம்! கம்பெனி கொடுக்கிற ஜெர்கினுக்குள், முதுகுப் பக்கம், கருவியை வைத்துத் தைத்தார்கள். ஜெர்கின் கம்பெனியுடையது. திரும்பக் கொடுத்தாக வேண்டும். அதோடு கருவியும் திரும்பி வந்துவிடும் இல்லையா? மெம்பர்களின் ஜெர்கினிலும் அப்படியே செய்தார்கள். தைத்தது நம்மைக் காப்பாற்றவா, கருவியைக் காப்பாற்றவா? முதலாளி பதில் சொல்ல வேண்டாம். நீங்களே சொல்லுங்கள்.

மாமா அதற்கும் சந்தோஷப்பட்டார். "பாதி ஜெயிச்சாச்சு, மீதிய அப்புறம் பாத்துக்கலாம். இனிமே நான் எந்தப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு பீடி குடிச்சாலும் உங்க அத்தைக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

ரேடியோ கூடாரத்தில் ஒரு திரை இருக்கிறது. அதில் ஒவ்வொரு கருவியும் ஒரு புள்ளி. புள்ளியின் பக்கத்தில் ஆளின் பெயர். நான் டீ கொண்டுபோகும்போதெல்லாம் மாமாவின் புள்ளியைப் பார்த்துவிட்டு வருவேன். அன்றும் பார்த்தேன்.

அன்று மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. மாமாவும் அவருடைய மெம்பர் ஹென்ட்ரிக்கும் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு புள்ளிகளும் முகட்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. ரொம்ப நேரம் நகரவில்லை. திடீரென்று ஹென்ட்ரிக்கின் புள்ளி முகட்டை விட்டுக் கிழக்குப் பக்கம், நேராகக் கீழே, பனியாற்றுக்குப் போய்விட்டது. ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் பிரகாஷ் அண்ணன் "ஐயோ, மெம்பர் விழுந்துட்டாரு!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் மாமாவின் புள்ளி நகர ஆரம்பித்தது. மெதுவாக, தனியாக, இரண்டாம் முகாமை நோக்கி இறங்கியது.

பிரகாஷ் அண்ணன் காட்மாண்டுவில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டார். போன் ஸ்பீக்கரில், மேசைமேல்தான் இருந்தது. கூடாரத்தில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது.

"ஹர்கமான் எங்க?"

"இறங்கிட்டு இருக்காரு சார். தனியாத்தான்."

"தனியாவா? மெம்பரை அங்க விட்டுட்டு ஓடி வர்றானா?"

சங்பீர் அண்ணன் கரண்டியோடு உள்ளே வந்தவர் பொறுக்க முடியாமல் குனிந்து போனில் பேசினார். "சார், அவன் ஆளை விட்டுட்டு வர்றவன் இல்ல. வேற என்னவோ நடந்திருக்கு. ரெண்டு பேரையாவது மேல அனுப்பச் சொல்லுங்க."

"யாரது, சமையக்காரனா? போய் உலை கொதிக்குதான்னு பாருப்பா."

இன்று இதே மேடையில் மாமாவை "வீரர்" என்றீர்கள், முதலாளி அவர்களே. "தியாகச் சுடர்" என்றீர்கள். அன்று உங்கள் வாயில் என்ன வந்தது? ஓடி வருகிறவன்! இருபது வருஷம் உங்கள் மெம்பர்களைக் கையைப் பிடித்து ஏற்றி இறக்கியவரை நம்பவில்லை. திரையில் இருந்த புள்ளியை நம்பினீர்கள்!

என்ன சார், நேரமாகிறதா? மைக்கைக் கேட்கிறீர்கள். கொடுக்கிறேன். முடிக்கவில்லை இன்னும்.

இரண்டாம் முகாமில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் என் அண்ணன் நிர்குமார். அவனும் சுமை தூக்குகிறவன்தான். மூன்று பேரும் மேலே ஏறத் தயாராக, பனியில் வழுக்காமல் இருக்கக் காலில் முள்ளிரும்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். ரேடியோவில் உத்தரவு போனது. மேலே போக வேண்டாம், பனியாற்றுக்குப் போங்கள், மெம்பர் அங்கே விழுந்து கிடக்கிறார் என்று. போனார்கள். பிளவு விழுந்த பனியாற்றில், இருட்டில், அந்தக் காற்றில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஹென்ட்ரிக்கின் புள்ளியைத் தேடிப் போனார்கள்.

மாமாவின் புள்ளி ஆள் இல்லாத முகாமுக்கு வந்து சேர்ந்தது. ரேடியோவில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. "அசந்து தூங்குறான். தூங்கட்டும். விடிஞ்சதும் கேக்குற விதத்துல கேட்டுக்கறேன்" என்றது போன்.

நான் ஊருக்குப் போன் செய்து மாமா பத்திரமாக இறங்கிவிட்டார் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை அன்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் களி கிளறிக் கொடுத்தார்.

விடிந்தது. மூன்று பேரும் பனியாற்றிலிருந்து திரும்பி வந்தார்கள். ஹென்ட்ரிக்கின் ஜெர்கின் மட்டும் கிடைத்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. முகாமில் மாமாவின் கூடாரத்தைத் திறந்தார்கள். உள்ளே ஹென்ட்ரிக் படுத்திருந்தார். அவர் உடம்பில் மாமாவின் ஜெர்கின்.

பிறகு ஹென்ட்ரிக் சொல்லித்தான் தெரிந்தது, நடந்தது இதுதான். முகட்டில் ஹென்ட்ரிக் சறுக்கினார். மாமா பாய்ந்து பிடித்தார். பிடித்ததில் மாமாவின் கால் ஒடிந்தது. ஹென்ட்ரிக் குளிரில் நடுங்கி, உள்ளே இன்னொரு கம்பளிச் சட்டை போடுவதற்காகத் தன் ஜெர்கினைக் கழற்றினார். காற்று அதைப் பிடுங்கிக் கிழக்குப் பக்கம் வீசியது. மாமா தன் ஜெர்கினைக் கழற்றினார். குழந்தைக்குப் போடுகிறமாதிரி ஒவ்வொரு கையாகப் பிடித்து நுழைத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாராம். அவரைக் கயிற்றில் மாட்டி, "கயித்த விடாத. கீழ என் பசங்க இருக்காங்க. மேல வரச் சொல்லு" என்று அனுப்பினாராம். வாக்கி டாக்கியும் அந்த ஜெர்கின் பையில்தான் இருந்தது. விறைத்துப்போன விரலால் ஹென்ட்ரிக்கால் அதன் பொத்தானை அழுத்த முடியவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது பசங்களும் அங்கே இல்லை.

மாமா உட்கார்ந்திருந்த இடம் முகாமிலிருந்து எவ்வளவு தூரம் தெரியுமா? ஒரு மணி நேர ஏற்றம். அவ்வளவுதான். என் அண்ணன் போய்ப் பார்த்தபோது மாமா இரண்டு காலையும் பைக்குள் விட்டுக்கொண்டு, முகாமைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து முகாம் நன்றாகத் தெரியும். முந்தின மாலை மூன்று தலைவிளக்குகள் கூடாரத்தை விட்டு வெளியே வந்ததை அவர் பார்த்திருப்பார். நம் பசங்கள் வருகிறார்கள் என்று நினைத்திருப்பார். அந்த மூன்று விளக்குகளும் திரும்பி, வேறு பக்கம் போனதையும் பார்த்திருப்பார்!

கூப்பிட்டிருப்பாரா? கையை ஆட்டியிருப்பாரா? என் அண்ணன் இதை நினைத்துத்தான் சாப்பிடாமல் இருக்கிறான். அவன் என்ன தப்பு செய்தான்? புள்ளி சொன்ன இடத்துக்குப் போனான். புள்ளியும் பொய் சொல்லவில்லை. ஜெர்கின் எங்கே இருக்கிறது என்று சரியாகத்தான் சொன்னது. மனுஷன் எங்கே இருக்கிறான் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை!

ஹென்ட்ரிக் பிழைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தலைவர் அவர்களே, நீங்கள் பேசும்போது, அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, நாங்கள் ஏறவில்லையா என்றீர்கள். ஏறினீர்கள். உங்களோடு ஏறித் திரும்பாதவர்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். அவர்களில் பலருடைய எலும்புகூட வீட்டுக்கு வரவில்லை. கருவி கையில் இருந்தால் ஆட்களுக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிடும் என்றும் சொன்னீர்கள். துணிச்சலுக்காகவா தலைவரே நாம் மலை ஏறுகிறோம்? அரிசிக்காக ஏறுகிறோம்!

வேண்டுமென்கிறவன் வைத்துக்கொள்ளட்டும், கட்டாயம் எதற்கு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும் அண்ணா, சொல்ல மாட்டேன். வேண்டுமா வேண்டாமா என்று நம்மையா கேட்பார்கள்? இஷ்டம் என்று விட்டால் முதலாளியின் இஷ்டம்தான் நடக்கும். காணாமல் போனவன் கருவி வைத்திருந்தாலும் வைத்திருக்காவிட்டாலும், தேடப் போகிறவன் போய்த்தான் ஆக வேண்டும். என் அண்ணன் பனியாற்றுக்குப் போனது அவன் இஷ்டமா?

மாமா! உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். சாமி மாதிரி மாலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்லாமல் விட மாட்டேன். புதுப் பையன்களை வரிசையில் நிற்க வைத்து, "ஜெர்கினை மட்டும் கழட்டாதீங்கடா, கழட்டுனா நீங்க எங்கயுமே இல்லாத ஆளு" என்று சொன்னது யார்? நீங்கள்தானே! நீங்களே ஏன் கழற்றினீர்கள்? ஒரு நிமிஷம் அத்தையை நினைத்தீர்களா? எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த ஆளுக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும் மறந்து போய்விட்டதா?

மறக்கவில்லை. எனக்குத் தெரியும், இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மெம்பர் நடுங்கினால் முதலில் நம் ஜெர்கின். கை விறைத்தால் நம் கையுறை. தாகம் என்றால் நம் பிளாஸ்கில் மிச்சமிருக்கும் டீ. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் நாள் வேலைக்குப் போகும்போதே நமக்குப் பழகிவிடுகிறது. நீங்கள் கொடுக்கவில்லையா? கையைத் தூக்குங்கள், மெம்பருக்குத் தன் ஜெர்கினைக் கழற்றிக் கொடுக்காத வழிகாட்டி ஒருவர் இங்கே இருந்தால் கையைத் தூக்குங்கள்!

ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்ட ஆட்களின் ஜெர்கினில் போய்க் கருவியைத் தைத்தார்களே! எதை முதலில் கழற்றிக் கொடுப்போமோ அதில் வைத்துத் தைத்தார்களே! இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் சம்பாதித்தவருக்கு இது தெரியாதா? தெரியாது என்றால் அவர் நம்மை ஒருநாளும் பார்த்ததில்லை. தெரியும் என்றால் அது இன்னும் மோசம்.

கருவியை உடம்பில் கட்டுங்கள். சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள். கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாத இடத்தில் கட்டுங்கள். தலைமை வழிகாட்டிக்கு, சுமை தூக்குகிறவனுக்கு, சமையல் கூடாரத்திலிருந்து மேலே சோறு கொண்டுபோகிறவனுக்கு, எல்லாருக்கும். கட்டாமல் ஒருவரும் முதல் முகாமைத் தாண்டக் கூடாது. மாமா மீதி என்று சொன்னது இதைத்தான். பாதியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பாதியோடேயே போய்விட்டார்.

கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "தியாகி ஹர்கமான் ராய் காட்டிய பாதையில் நடப்போம்." நடக்க மாட்டேன். அந்தப் பாதையில் இன்னொருவர் நடந்து, இன்னொரு முகட்டில் உட்கார்ந்து, இன்னொரு விளக்கு திரும்பிப் போவதைப் பார்க்க நான் விட மாட்டேன். என் உறுதிமொழி வேறு. நெஞ்சில் கருவி கட்டாத ஒருவனை மலையேற அனுப்புகிற முகாமில் நான் இனி அடுப்புப் பற்றவைக்க மாட்டேன். சங்பீர் அண்ணனும் அதையே சொல்லிவிட்டார். தலைவர் அவர்களே, நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். இங்கேயே கேளுங்கள். கருவி இல்லாமல் ஏற மாட்டோம் என்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

சங்பீர் அண்ணன் நிற்கிறார். புர்பாவின் அம்மா நிற்கிறார். அத்தை, நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கு முடியாது. பின்வரிசையில் நாலு பேர். இன்னும் இரண்டு பேர். சரி.

நிர்குமார் அண்ணா, நீ எழவில்லை. முதலாளி உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் எழவில்லை. நாளைக் காலை கம்பெனியின் அடுத்த குழு புறப்படுகிறது. உன் பெயரும் அதில் இருக்கிறது. உனக்குக் கருவி கிடையாது, நீ சுமை தூக்குகிறவன். வீட்டில் என்ன நிலைமை என்று எனக்கும் தெரியும், நானும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எழ வேண்டாம்.

கழுதைகள் தூக்கிப் போக வேண்டிய மூட்டைகளை வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உன் பை மேலிருந்து இரண்டாவது. நான் இப்போது மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கப் போகிறேன். வாசலுக்குப் போய், மூட்டைகளைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்து, உன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடக்கப் போகிறேன்.